தலை ஒரு ஓரம், வால் ஒரு ஓரம்

பௌத்தா, காட்மாண்டு

அன்புள்ள மச்சான் நோர்கியேவுக்கு,

தாஷி தெலே. டார்ஜிலிங்கில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே உன் அக்கா யாங்சோம் சுகம். என்மேல் அவளுக்குள்ள கோபமும் அதே சுகத்தோடு இருக்கிறது. பெட்டி கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கே வந்துவிடுவதாகப் போனில் அழுதாளாம். என் பக்கத்தையும் கொஞ்சம் கேள்.

பழைய கம்பளங்கள் வீட்டை அடைத்துக்கொண்டிருப்பது உண்மைதான். கட்டிலுக்கடியில் புலிக் கம்பளம், அலமாரி மேல் குதிரைச் சேணத்துக் கம்பளம், உட்கார நினைத்த இடமெல்லாம் ஒரு சுருள். போன மாதம் சீனத்து நிங்சியா கம்பளம் ஒன்று வாங்கினேன். மஞ்சள் நிலத்தில் நீல டிராகன். தலை ஒரு ஓரம், வால் மறு ஓரம். தரையில் விரித்ததும் உன் அக்கா, "வெட்டுப்பட்ட பாம்பையா காசு குடுத்து வாங்கியாந்தீங்க?" என்றாள். "இது மடத்துத் தூணுல கட்டுறதுடி. சுத்திக் கட்டினா ரெண்டு ஓரமும் சேந்து டிராகன் முழுசாயிடும்" என்றேன். "நம்ம வீட்டுல தூண் எங்க இருக்கு?" என்று கேட்டாள் பார், அங்கே மாட்டிக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டியில் சுற்றினேன், ஓரங்கள் எட்டவில்லை. கேஸ் சிலிண்டரில் சுற்றினேன், வால் போய்த் தலையை மூடியது. கடைசியில் என்னையே சுற்றிக் கட்டச் சொன்னேன். ஆத்திரத்தையெல்லாம் கயிற்றில் காட்டி இறுக்கினாள். பிறகு தள்ளி நின்று பார்த்தவள் சிரித்துவிட்டாள். "அடேயப்பா, இப்ப முழுசா இருக்குங்க!"

உள்ளே நின்ற எனக்குத்தான் டிராகன் தெரியவில்லை. குனியவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மடத்துத் துறவி லாமா சோபா உள்ளே வந்தார். "உள்ள யாரு, சம்பேலா?" என்றார். சுற்றிவந்து ரசித்துவிட்டு, "ரொம்ப அழகு. இத வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அப்போதுதான் என்னையே கேட்டுக்கொண்டேன், மச்சான்: இத்தனை வருஷம் வாங்கி, தூசி தட்டி, சுருட்டி வச்சேனே, எதுக்குன்னு ஒருநாளாவது யோசிச்சேனா?

மறுநாளே மடத்துக்குக் கொண்டுபோய்த் தூணில் கட்டினோம். விளக்கு வெளிச்சத்தில் டிராகன் தூணைத் தழுவி மேலே ஏறியது. இனி அது என்னுடையதில்லை என்று நினைத்தபோது வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஆகவே சேகரிப்பதை இன்றோடு விட்டேன். அக்கா பெட்டியைப் பிரித்துவிட்டாள். நீ கவலைப்படாதே. உங்கள் வாசலுக்கு நல்லது மட்டுமே வழி கேட்டு வரட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
சம்பேல்

பி.கு.: உன் அக்கா இப்போதுதான் மடத்திலிருந்து வந்தாள். மற்ற மூன்று தூண்களும் உடுப்பில்லாத பிள்ளைகள் மாதிரி நிற்கின்றனவாம்; அவளால் பார்க்கச் சகிக்கவில்லையாம். "கிளம்புங்க, கம்பளக் கடைய சாத்திருவான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.