ஹால் சுவரில் நிற்கும் கார்

ஞாயிற்றுக்கிழமை வராமலே போய்விட வேண்டும் என்று ஜெபித்த ஒரே கிறிஸ்தவன் நானாகத்தான் இருப்பேன்.

காரணம், எங்கள் ஹால் சுவரில் தொங்கும் போட்டோ. அதில் என் தாத்தா கோட்டும் தலைப்பாகையுமாக, ஒரு கறுப்புக் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுக்கும் முன்னால் காரைக் காட்டிவிடுவேன். "அந்தக் காலத்துல ஜில்லாவுலயே மூணு பேருகிட்டத்தானுங்க காரு. அதுல ஒருத்தரு எங்க தாத்தா!" கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகச் சொல்கிறேன். மகள் ஜெனிஷாவுக்கு உடுமலையில் சம்பந்தம் பேசி முடித்ததும், நிச்சயதார்த்தத்தில் மைக் பிடித்தே சொல்லப்போவதாக அறிவித்தேன். மனைவி விமலாராணி வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை இட்லியை வைத்தாள். கூடவே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு சம்பந்தி வாராருங்க. உங்க தாத்தா காரைப் பாக்கோணுமாமா."

"எதுக்கு?"

"அவரு பழைய காருல பெரிய கில்லாடியாமா. போட்டோவப் பாத்தே எந்தக் கம்பெனி, எந்த வருசம்னு புட்டுப் புட்டு வெச்சுப்போடுவாராமா. பூதக்கண்ணாடியோட வாராருங்க."

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. அது கார் இல்லை, பலகை. அந்தியூர்ச் சந்தையில் ஒரு போட்டோக்காரர் நிறுத்தி வைத்திருந்த, கார் படம் வரைந்த பலகை. பின்னால் ஒரு முக்காலி. மாடு வாங்கப் போன தாத்தா, வாங்கிய கையோடு அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். கோட்டும் போட்டோக்காரருடையதுதான். படத்தின் ஓரத்தில் மாட்டின் வால் இருந்தது. அதை மடித்து பிரேமுக்குள் மறைத்தவர் என் அப்பா. இந்த ரகசியத்தை என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

பூதக்கண்ணாடி வைத்தால் பலகையில் அடித்த ஆணியெல்லாம் தெரியுமே! புளுகுமூட்டைக் குடும்பத்தில் யார் பெண் எடுப்பார்கள்? என் வாயால் என் மகள் கல்யாணம் நின்றுவிடுமோ?

திட்டம் போட்டேன். வியாழக்கிழமை, கண்ணாடியில் விரிசல் என்று சொல்லி, டவுன்ஹால் பக்கம் பிரேம் கடை வைத்திருக்கும் நிஜாமிடம் போட்டோவைக் கொண்டுபோனேன்.

"திங்கக்கெழம வரைக்கும் யாருக்கும் குடுத்துப்போடாதீங்க பாய்."

சனிக்கிழமை மாலை வீடு திரும்பினால், தாத்தா சுவரில் இருந்தார். புதுக் கண்ணாடி. காரில் ஒரு தூசி இல்லை.

"நாந்தானுங்க பாய்க்குப் போனப் போட்டேன்" என்றாள் விமலா. "சம்பந்தி வார நேரத்துல செவுரு மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்காதீர்கள். சம்பந்தி சவரிராஜ் வந்தார். உட்கார்ந்தார். போட்டோவைப் பார்த்தார். பைக்குள் கையை விட்டார். அவ்வளவுதான், நான் எழுந்துவிட்டேன்.

"மன்னிச்சுப்போடுங்க சம்பந்தி! அது காரே இல்லைங்க! அந்தியூர்ச் சந்தைப் பலகைங்க! கோட்டும் எரவலுங்க! புள்ள மேல ஒரு தப்பும் இல்லைங்க!"

அவர் பையிலிருந்து எடுத்தது இரண்டு தேங்காய்.

"எந்தக் காருங்க?" என்றார் திகைத்துப்போய். "எனக்குத் தேங்காயத் தவுர ஒண்ணுந் தெரியாதுங்களே! நிச்சயத்துக்கு எத்தன பேருன்னு கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தேன்." பிறகு சிரிக்க ஆரம்பித்தார். காபி ஆறும்வரை சிரித்தார். "பொண்ணு தங்கமுங்க. காரு எதுக்குங்க நமக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் விமலாவைப் பார்த்தேன்.

"மைக்கப் புடிக்காதீங்கன்னு சொன்னாக் கேட்டீங்களா? இப்ப நீங்களே சொல்லிப்போட்டீங்க. இனி எப்புடிப் புடிப்பீங்கன்னு பாக்கறேன்."

"பலகைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பீரோவிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து வந்தாள். அவளுடைய தாத்தா. அதே கார், அதே நம்பர், அதே கோட்டு.

"கட்டிக்கிட்டு வந்த அன்னிக்கே தெரியுமுங்க. பாவம், சொல்லிட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. "அப்போ உங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் ஒரே அந்தஸ்துதான்!" என்றேன்.

"ஓரத்தையும் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கார் எப்போது காலியாகும் என்று வரிசையில் நிற்கிறார் என் தாத்தா.