முந்நூற்றுப் பதினேழாவது வரி

"இந்த வரிய தூக்கிக் குப்பையில போடுங்க. எழுதுன கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்க."

ஆதிகேசவன் அதை மூன்று முறை படித்தான். அவன் ஆறு வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் புரோகிராமின் முந்நூற்றுப் பதினேழாவது வரிக்குக் கீழே, திரையில் பளிச்சென்று நின்றது அந்தக் குறிப்பு. எழுதியவர் பெயர் என்ற இடத்தில் குமரேசன் என்றிருந்தது.

வேறு யாராவது எழுதியிருந்தால் ஒரு டீயைக் குடித்துவிட்டு மறந்திருப்பான். குமரேசன் அவன் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே ஆதிகேசவன்தான். போதாக்குறைக்கு, வருகிற வெள்ளிக்கிழமை திருத்தணி மலைமேல் அவன் பதினோரு மாதப் பையன் அபிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அபிக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் குமரேசன்.

இதற்கெல்லாம் காரணம் கதிரவன். திருத்தணி லாட்ஜுகளுக்கு ரூம் பதிவு செய்கிற சாப்ட்வேர்தான் கம்பெனியின் பிழைப்பு. போன வருஷ ஆடிக் கிருத்திகைக்கு அது இரண்டு குடும்பங்களை ஒரே ரூமில் தள்ளிவிட்டது. யார் செய்த தப்பு என்று கடைசிவரை தெரியவில்லை. முதலாளி முருகவேல் யோசித்து, ஆட்களைப் பழக்குவதற்குச் சென்னையிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்தார்.

"நாளையிலேர்ந்து நமக்கு கோச் வராரு" என்று அவர் அறிவித்தபோது, டெஸ்டிங் பார்க்கும் புஷ்பலதாம்மா, "எத்தினியாவது பிளாட்பாரம் சார்?" என்று கேட்டார்.

வந்த கதிரவன் முதல் நாளே சட்டம் போட்டார். "ஒருத்தர் எழுதுனதை இன்னொருத்தர் படிச்சுக் குறை சொன்ன பிறகுதான் எதுவும் உள்ள போகணும். குறை கோடிங்குக்குத்தான், ஆளுக்கு இல்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆதிகேசவன் எழுதியதைப் படிக்கிற முறை குமரேசனுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் ஆதிகேசவன் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "உன் தம்பி என்னைக் கையக் கழுவச் சொல்றான்" என்றான்.

"சாப்படறதுக்கு முன்னாடி கழுவுனா இன்னா தப்பு?" என்றாள் பிரபாவதி.

முழு விஷயத்தையும் விளக்கியபோதும் அவள் தம்பியை விட்டுக்கொடுக்கவில்லை. "அவன் சும்மா சொல்ல மாட்டான். நீங்க இன்னாத்த எழுதி வச்சிகினு இருந்தீங்களோ."

"அப்ப வெள்ளிக்கிழமை அவன் மடி வாணாம்."

"என் தம்பி மடி வாணாம்னா காதுகுத்தே வாணாம்!"

தோசைக்கல் அடுப்பிலிருந்து இறங்கியது. பொதட்டூர்பேட்டையில் இருக்கும் அவள் அம்மாவுக்குப் போன் போனது.

மறுநாள் காலை கதிரவன் காதில் விஷயத்தைப் போட்டார்கள். அவர் சிரித்தார். "ரொம்பச் சின்னப் பிரச்சனை. குமரேசன், குறிப்பு மரியாதையா இருக்கணும். மாத்தி எழுதுங்க."

"இன்னா மச்சான், மனசுல பட்டுத்தான் எழுதுனியா?" என்றான் ஆதிகேசவன்.

குமரேசன் திரையைப் பார்த்தான். மின்விசிறியைப் பார்த்தான். "எழுதுனது எழுதுனதுதான் பாவா" என்று அக்கா புருஷனைப் பார்க்காமல் தரையிடம் சொன்னான்.

அரை மணி நேரத்தில் புதுக் குறிப்பு வந்தது.

'மகா கனம் பொருந்திய பாவா அவர்களின் சமூகத்துக்கு, குமரேசன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தங்கள் நலமும் தங்கள் கோடிங்கின் நலமும் அறிய ஆவல். மேற்படி வரி விஷயமாக ஏற்கெனவே தெரிவித்ததையே மரியாதையுடன் மறுபடியும் தெரிவித்துக்கொள்கிறேன்.'

"நக்கலு! சுத்த நக்கலு!" ஆதிகேசவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

அதை அச்செடுத்து வீட்டுக்கும் கொண்டுபோனான். பிரபாவதி போனில் அம்மாவுக்குப் படித்துக் காட்ட, மாமியார் தாயம்மாள், "கல்யாணப் பத்திரிகையில கூட மாப்பிள்ளைக்கு நாம இம்மாம் மரியாதை போடலியே" என்று வியந்தார். ஆதிகேசவன் அன்றும் சாப்பிடவில்லை.

புதன்கிழமை கதிரவன் அடுத்த மருந்தை எடுத்தார். "ரெண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டர்ல சேர்ந்து உக்காருங்க. ஒருத்தர் டைப் பண்ணணும், ஒருத்தர் வழி சொல்லணும். பேசிப் பேசித்தான் கோடிங் நல்லா வரும்."

இருவரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். பேசவில்லை. ஆதிகேசவன் பின்பக்கம் திரும்பி, "புஷ்பாக்கா, அவரை மேல போகச் சொல்லுக்கா" என்றான்.

"மேலன்னா மலைக்கா?"

"ஸ்கிரீன்லக்கா. எந்த வரி குப்பைன்னு அவரையே கை வச்சுக் காட்டச் சொல்லு."

குமரேசன் மவுஸை மேலும் கீழும் உருட்டினான். நெற்றியில் வேர்த்தது. "அது... எழுதுனவருக்கே தெரியும்னு சொல்லுக்கா."

சாப்பாட்டு வேளைக்குள் இருவருமாகச் சேர்ந்து ஒரே ஒரு கமாவைப் போட்டிருந்தார்கள். அதைப் போட்டது யார் என்பதிலும் தகராறு.

வியாழக்கிழமை, பொதட்டூர்பேட்டை பஸ்ஸிலிருந்து தாயம்மாள் ஆறு சொந்தக்காரர்களோடு இறங்கி நேராக ஆபீஸ் மாடி ஏறினார். பின்னாலேயே அபியை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரபாவதி. எல்லோரும் ஆதிகேசவன் கம்ப்யூட்டரைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவன் அவமானத்தில் குன்றிப்போனான். கதிரவன் மட்டும் பூரித்துப் போனார்.

"வெளிநாட்டுல மொத்த டீமும் இப்படித்தான் ஒரே கம்ப்யூட்டரைச் சுத்தி உக்காருவாங்க! நான் சொல்லாமயே வந்துட்டீங்களே!"

"அது கெடக்கட்டும் நைனா. அந்த வரி இன்னா சொல்லுது? படி" என்றார் தாயம்மாள்.

கதிரவன் படித்துச் சொன்னார். "எட்டாம் நம்பர் ரூம் வந்தா, அதை ஒன்பதுன்னு மாத்திக்கோ."

"அப்ப எட்டுக்கு வந்தவங்க?"

"ஒன்பதுக்குப் போவாங்கம்மா."

"ஒன்பதுல ஏற்கெனவே இருக்கறவங்க?"

"அவங்க... அங்கயேதான் இருப்பாங்க."

"ரெண்டு குடும்பமும் ஒரே ரூம்லயா? கருமம், கருமம்! யார்டா இத எழுதுனவன்?"

ஒரு வருஷமாக ஒருவருக்கும் பிடிபடாத தப்பைத் தாயம்மாள் இரண்டு நிமிஷத்தில் பிடித்துவிட்டார். கதிரவனுக்குக் கண் கலங்கியது. ஆதிகேசவனுக்குக் காது சுட்டது. அந்த வரிக்கு மேலே 'இதில் கை வைக்காதே' என்று எழுதிக் காவல் காத்தவனே அவன்தான். தானே எழுதினோமா, வந்தபோதே இருந்ததா என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"ஒவ்வொரு வரியும் யாரு எழுதுனாங்கன்னு கம்ப்யூட்டரே சொல்லும்" என்று கதிரவன் ஒரு பொத்தானைத் தட்டினார்.

திரையில் வந்த பெயர்: முருகவேல்.

சொந்தக்காரர்களுக்காக வாங்கிய வடைத் தட்டோடு முதலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "எட்டு எனக்கு ஆவாதுன்னு ஜோசியர் சொன்னாரு" என்றார் மெல்ல. "கம்பெனி ஆரம்பிச்ச புதுசு. அப்ப நான்தான் எழுதுவேன்."

அவர் பார்வை பழைய குறிப்புக்குப் போனது. வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகம் சிவக்க, "குமரேசா, நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வாணாம்" என்றார்.

குமரேசன் வாயைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்து மூடிக்கொண்டான். அந்த முகத்தைப் பார்த்ததும் ஆதிகேசவனுக்கு மூன்று நாள் கோபமும் எங்கே போனதென்றே தெரியவில்லை. எழுந்து நின்றான்.

"சார், என் மச்சான் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அது குப்பைதான். அவன் போனா நானும் போறேன்."

"நானும் போறேன்" என்றார் அங்கே வேலையே பார்க்காத தாயம்மாள்.

முருகவேல் திகைத்தார். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் இரண்டே வாரம். இவர்கள் போனால் லாட்ஜ்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? "சரி, எடுத்துத் தொலைங்க" என்றார்.

கதிரவன் சொல்லச் சொல்ல, எட்டு மாறுகிறதா என்று பார்க்க முதலில் ஒரு பரிசோதனை எழுதினார்கள். பாவா சொல்ல மச்சான் டைப் அடித்தான். வரியைத் தூக்கினார்கள். திரையில் பச்சை எரிந்தது. எட்டு எட்டாகவே நின்றது. ஏழு சொந்தக்காரர்களும் கைதட்டினார்கள். முருகவேல் ஒரு வடையை எடுத்துக் கடித்துக்கொண்டே, "காதுகுத்துக்கு எத்தினி மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மலைமேல், மொட்டைத் தலையில் சந்தனம் காயக் காய, அபி தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆதிகேசவன் பக்கத்தில் நின்ற முதலாளியிடம் திரும்பினான்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். ஆறு வருஷமா நான் எழுதுனத வரி விடாம உக்காந்து படிச்சவன் இந்த உலகத்துல என் மச்சான் ஒருத்தன்தான். அவனைப் போயி நான் தப்பா நெனச்சிட்டேன்."

"விடு பாவா" என்றான் குமரேசன், குனிந்த தலை நிமிராமல். "அந்தப் பேச்சே வாணாம் பாவா."

"இன்னா அடக்கம் பாரு!" முருகவேல் நெகிழ்ந்து போனார். "இனிமே எல்லாரு கோடிங்கையும் இவர்தான் படிச்சுப் பாத்து உள்ள விடணும். இன்னியிலேர்ந்து குமரேசன்தான் டீம் லீடர்!"

கூட்டம் கைதட்டியது. பின்வரிசையில் தாம்பாளத்தோடு நின்றிருந்த புஷ்பலதாம்மாவுக்கு அது மட்டும் பொறுக்கவில்லை.

"ஆங், நல்லா விடுவாரு! அந்த ரெண்டு குறிப்பையும் எழுதுனதே நான்தான் சார். 'நீயே எதனா எழுதி விடுக்கா'ன்னு பாஸ்வேர்ட என்கிட்ட குடுத்துட்டு பூட்டாரு, இன்னி வரைக்கும் அவரு பாவா கோடிங்குல ஒரு வரி கூடப் படிச்சதில்ல!"