ஜானவாசத்துக்கு ஒரு படகு

கல்யாண வீட்டில் வேலையில்லாப் பட்டதாரி எவனாவது இருந்தால், கல்யாணம் முடிகிறவரை அவனை வெளியூருக்கு அனுப்பி வைப்பதுதான் குடும்பத்துக்கு க்ஷேமம். எங்கள் வீட்டில் அப்படிச் செய்யத் தவறிவிட்டார்கள். அந்தப் பட்டதாரி நான். கல்யாணம் என் அக்கா வசந்தாவுக்கு.

அறுபதுகளின் கடைசி. மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குக் குடிபெயர்ந்திருந்தோம். வாடகை வீடுதான், ஆனால் தோட்டம் நேராக ஆற்றில் போய் முடியும். அதன் மூலையில், புன்னை மரத்தடியில், ஒரு பழைய மரப்படகு குப்புறக் கிடந்தது. அது யாருடையது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அம்மா அதன்மேல் வடாம் காயப்போடுவாள். வடாம் இல்லாத நாட்களில் நான் அதன்மேல் உட்கார்ந்து, போட்ட மனுக்களுக்குப் பதில் வருமா என்று யோசிப்பேன். (வரவில்லை.)

சம்பந்தி மாமா திருச்சிக்காரர். குரல் கணீரென்று இருக்கும், கோபம் அதைவிடக் கணீரென்று இருக்கும். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்து வருவோமே, ஜானவாசம், அதைப் பற்றி அப்பாவிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "பெரியவனுக்குத் திறந்த கார்ல புஷ்ப அலங்காரம் பண்ணியிருந்தா. சின்னவனுக்கு ஒரு படி மேலே இருக்கணும்."

அன்றிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திறந்த காருக்கு ஒரு படி மேலே என்றால் யானைதான். அடையாறில் யானைக்கு எங்கே போவது?

மாப்பிள்ளை வீட்டார் தங்கப்போவது எதிர்க்கரையில், மந்தைவெளிப் பக்கம், அவர்கள் உறவினர் வீட்டில். நடுவில் ஆறு. என் மூளையில் விளக்கு எரிந்தது. (அப்போதே யாராவது ஊதி அணைத்திருக்கலாம்.) "படகுல அழைச்சிண்டு வரலாம்ப்பா!" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். பிறகு, யானையை நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டார்.

வசந்தா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். தட்டிப்போன வரன்களை எண்ணுவதையே அம்மா விட்டுவிட்டிருந்த சமயம் அது.

"நீ படகு விடு, ப்ளேன் விடு, எனக்கு ஒண்ணுமில்லே. அந்த மாமாவுக்குக் கோபம் வந்து கிளம்பிப் போயிட்டார்னா என்ன ஆகும்னு மட்டும் யோசிச்சுக்கோ. எனக்கு இவரைப் பிடிச்சிருக்குடா" என்றாள்.

"நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

பட்டினப்பாக்கத்திலிருந்து எல்லப்பனை அழைத்து வந்தேன். படகு கட்டுகிறவர். அடக்கம் என்பது அவர் இருக்கும் தெருப்பக்கமே வந்ததில்லை. கோடம்பாக்கத்தில் ஏதோ ஒரு ஸ்டூடியோவுக்குப் படகு செய்து கொடுத்த நாளிலிருந்து தன்னை சினிமாக்காரர் என்றே சொல்லிக்கொள்வார்.

படகைப் புரட்டிப் போட்டுத் தட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, இது மசூலா, கடல் அலைல போற படகு. இத்தப் போய் கவுத்து வெச்சிக்கினு கீறீங்க? ஒரு ஆணி கெடயாது தெரிமா? அத்தினியும் தெச்சது."

"தைச்சதா?"

"பின்ன? சட்டை தெக்கிறா மாரி பலகைய பலகையோட கயித்தால தெப்போம். அலை வந்து மோதுச்சுன்னா வளைஞ்சு குடுக்கும். ஆணி அடிச்சதுன்னா பொளந்துக்கும்."

முதல் காரியமாகப் பழைய கயிற்றையெல்லாம் அறுத்துத் தள்ளினார். படகு அப்படியே மலர்ந்து, பலகை பலகையாகத் தோட்டத்தில் விழுந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "படகைச் சரிபண்ணச் சொன்னேளா, விறகாக்கச் சொன்னேளா?" என்று கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

உளுத்துப்போன பலகைகளுக்குப் பதிலாக மாமரப் பலகை அறுத்து வந்தது. பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டார். இரண்டு பலகையை ஒட்டி நிறுத்தி, இடுக்கின்மேல் வைக்கோலும் தேங்காய் நாரும் சேர்த்துத் திரித்த புரியை வைத்து, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றைக் கோத்துத் தைக்க வேண்டும். வெளியே எல்லப்பன் கயிற்றை உள்ளே தள்ளுவார், உள்ளே இருப்பவன் பலகையில் காலை உதைத்துக்கொண்டு இழுக்க வேண்டும். உள்ளே இருப்பவன் நான்.

"இழுத்துப் புடி நைனா! இன்னா ஜடை பின்றியா? கோமணம் கட்டறா மாரி இறுக்கு!"

அம்மா அவசரமாக உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலங்களில் என் உள்ளங்கை பூரியாக உப்பிவிடும். ரசம் சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டேன். வசந்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் படகு மறுபடி படகாக எழுந்து நின்ற அன்று, அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். அதுவரை வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்து முடித்த காரியம் வேறு ஒன்றும் கிடையாது.

"இப்ப தண்ணில எறக்கி ஊறப் போடணும்" என்றார் எல்லப்பன். "பலகை குடிக்கணும், கயிறு குடிக்கணும், நாரு உப்பணும். முதல்ல ஒழுகும். அப்பால தானா அடைச்சிக்கும். அதுக்கப்புறம்தான் ஆளு ஏறணும்."

அப்போதுதான் அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். "அதெப்படி? மாப்பிள்ளை காலடி படறதுக்கு முன்னாடி படகு ஜலத்துல இறங்கலாமா? நைவேத்தியத்தை யாராவது ருசி பார்த்துட்டு வெப்பாளா?"

எதிர்த்துச் சொல்ல என்ன இருக்கிறது? பூஜைக்கு வைக்கிற பாயசத்தில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. எல்லப்பன்கூடத் தலையைச் சொறிந்துகொண்டு, "அதுவும் வாஸ்தவந்தாம்மா. சாமிக்குப் படைக்கிறத எச்சில் பண்ணக் கூடாதுதான். அத வுடுங்க, நான் தெச்சது, தாங்கும்" என்று ஒப்புக்கொண்டுவிட்டார். படகுக்குள்ளேயாவது தண்ணீர் ஊற்றி வைக்கலாம் என்று அவர் சொன்னதை நான் தடுத்துவிட்டேன். உள்பக்கம் பூராவும் மஞ்சளும் சிவப்புமாகப் பெயிண்ட் அடித்திருந்தேன், வீணாகிவிடுமே!

ஆக, கத்திரி வெயில் முழுவதும் படகு தோட்டத்தில் அம்மாவின் கல்யாண அப்பளங்களோடு சேர்ந்து காய்ந்தது. அப்பளம் அருமையாக வந்திருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மாப்பிள்ளை ஏற வேண்டியது எதிர்க்கரையில். தண்ணீரில் படாமல் படகு அங்கே போக வேண்டும். மாட்டு வண்டியில் ஏற்றி, பாலத்தின் வழியாகக் கொண்டுபோனோம். ஆற்றைக் கடக்கப் படகை மாட்டு வண்டியில் கொண்டுபோன ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். பாலத்தில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் பெருமையாகக் கையசைத்தேன்.

சாயங்காலம் சாஸ்திரிகள் குறித்துக் கொடுத்த நேரத்தில் மாப்பிள்ளை ராஜகோபால் சூட்டும் கோட்டும் ரோஜா மாலையுமாக வந்து, வெல்வெட் போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்தார். டில்லியில் உத்தியோகம், அதிகம் பேசாத மனுஷர். பக்கத்தில் சம்பந்தி மாமா. எதிரே நாதஸ்வரக்காரர், தவில்காரர். துடுப்புப் போட எல்லப்பன். முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான். படகு மெல்ல நகர்ந்தது. "பேஷ், பேஷ்!" என்றார் சம்பந்தி மாமா. அந்தக் கணம் நான் செத்துப்போயிருந்தால் புகழோடு போயிருப்பேன்.

முதலில் நனைந்தது என் கால்தான். குனிந்து பார்த்தேன். தையல் போட்ட ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் முத்து முத்தாக அரும்பிக்கொண்டிருந்தது.

"ஏண்டாப்பா, என்ன இது, கீழே ஈரமா இருக்கே?" என்றார் சம்பந்தி மாமா.

"பன்னீர் மாமா. தாராளமா தெளிச்சிருக்கோம்."

எல்லப்பன் என் காதருகே வந்தார். "நைனா, தண்ணி எறைக்க ஒரு டின்னு வெச்சிருந்தேனே, எங்க?"

"கொல்லையிலேயே வெச்சுட்டேன். ஜானவாசத்துல டப்பா இருந்தா பார்க்க நன்னா இருக்காதுன்னு."

எல்லப்பன் பாய்ந்து தன் இடத்துக்குப் போனார். வேகமாகத் துடுப்புப் போட ஆரம்பித்தார். நான் ஒரு கையில் பெட்ரோமாக்ஸோடு, இன்னொரு கையால் வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துத் தண்ணீரை மொண்டு வெளியே விட்டேன். கிண்ணத்தில் ஒரு வாய்த் தண்ணீர் பிடிக்கும். நாதஸ்வரக்காரர் ஆபத்தைப் புரிந்துகொண்டு, அதுவரை நிதானமாக வாசித்த ராகத்தை ஓட்டமாக ஓட்டினார். தவில்காரர் எழுந்து நின்று தவிலை மார்புக்கு ஏற்றிக்கொண்டார்.

"பன்னீர் முழங்கால் வரைக்குமாடா வரும்?" என்று கர்ஜித்தார் சம்பந்தி மாமா.

எங்கள் கரை கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. உறவுக்காரர்கள் மொத்தப் பேரும் நின்றிருந்தார்கள். அம்மா ஆரத்தித் தட்டோடு முன்னால். அங்கிருந்து பார்த்தவர்களுக்கு, ஊர்வலம் உட்கார்ந்தபடியே மெதுவாகக் குள்ளமாகிக்கொண்டு வருவதாகத் தோன்றியதாம். பிறகு படகு ஒரு பெருமூச்சு விட்டு, ஆற்றுச் சேற்றில் போய் உட்கார்ந்தது.

ஆழம் இடுப்பளவுதான். அது எங்களுக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியாது. அவர் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டார். எல்லப்பன் தோளைக் காட்டி, "ஏறிக்க சாமி" என்றார். மாப்பிள்ளை அசையவில்லை. சம்பந்தி மாமா சேற்றில் இறங்கி, ஒரு செருப்பை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு, கரையைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஒரு படி மேலே இருக்கணும்னுதானே சொன்னேன்? தண்ணிக்குக் கீழேன்னா கொண்டு வந்துட்டான்! கல்யாணமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ராஜு, திரும்புடா!"

அப்பா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன அக்காவின் கல்யாணம், என் கண்ணெதிரே, என்னாலேயே நின்றுபோயிற்று. பெட்ரோமாக்ஸை மட்டும் ஏனோ கீழே விடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் நீர் வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் நனைந்துதான் இருந்தோம்.

உள்ளே அறையில் இருக்க வேண்டிய வசந்தா அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அம்மா "அடியே!" என்பதற்குள் ஆற்றில் இறங்கிவிட்டாள். நேராகப் படகுக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"இடுப்பளவுதான் ஜலம். சேறு வழுக்கும், மெதுவா காலை வைங்கோ. நான் பிடிச்சுக்கறேன்."

பெண் பார்த்த நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. தன் அப்பா கூப்பிட்டும் அசையாத, எல்லப்பன் தோள் கொடுத்தும் அசையாத மாப்பிள்ளை, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கரையில் எல்லோரும் கூச்சல் போட்டார்கள். கையும் கையும் சேர்வதைப் பார்த்த பழக்கமோ, பதற்றமோ, தவில்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி கெட்டிமேளம் கொட்டித் தீர்த்துவிட்டார். இருவரும் கைகோத்துக்கொண்டு கரையேறினார்கள்.

"கையை விடுடா! கிளம்பு!" என்றார் சம்பந்தி மாமா.

"எங்கே கிளம்பறது?" என்று சாஸ்திரிகள் முன்னால் வந்தார். "கையைப் பிடிச்சாச்சு, பாணிக்கிரகணம் ஆயிடுத்து. ஏழடிக்கு மேலேயே சேர்ந்து நடந்தாச்சு. கெட்டிமேளம் கொட்டியாச்சு. கல்யாணம் ஆயிடுத்து ஓய். இனிமே வேண்டாம்னு சொல்ல உமக்கும் அதிகாரமில்லே, எனக்கும் இல்லே."

"அக்னி சாட்சி வேண்டாமா?"

சாஸ்திரிகள் நிதானமாக என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கையில் பெட்ரோமாக்ஸ் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. "அதோ."

"அது பெட்ரோமாக்ஸ்!"

"கண்ணாடிக்குள்ள இருந்தா அக்னி இல்லேன்னு எங்கே சொல்லியிருக்கு? காட்டும், ஒத்துக்கறேன்."

சம்பந்தி மாமா சாஸ்திரிகளை விட்டுத் திரும்பினார். பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை இன்னும் கையை விடவில்லை. ஒற்றைச் செருப்போடு அப்பாவின் பக்கம் நடந்து வந்து, "உலர்ந்த வேஷ்டி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அப்பா ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அன்று ராத்திரி சேவையும் மோர்க்குழம்பும் சாப்பிட்டதுபோல் அதற்குப் பிறகு நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

மறுநாள் முகூர்த்தம் முறைப்படி, ஹோமகுண்டத்து அக்னியோடு நடந்தது. அன்று மத்தியானம் எல்லப்பன் படகை மீட்டு, தண்ணீரை இறைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ராத்திரி முழுக்க ஊறியிருந்ததே! "நான் அப்பவே சொல்லல, நான் தெச்சது நிக்கும்னு?" என்று சாப்பாட்டுப் பந்தியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தி மாமாவிடம்கூடச் சொன்னார்.

இத்தனை வருஷமாகியும் ராஜகோபால் அத்திம்பேர் கல்யாண நாளை முகூர்த்தத்தன்று கொண்டாட மாட்டார். அதற்கு முதல் நாள்தான் என்பார். வசந்தா கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் காட்டிச் சண்டை பிடிப்பாள். பேரன் பேத்திகள் இரண்டு நாளும் பாயசம் கிடைக்கிறதே என்று இரண்டு கட்சியிலும் சேர்ந்துகொள்வார்கள்.

போன வருஷம் நானே கேட்டேன். "சாஸ்திரிகள் அன்னிக்குச் சமாளிக்கறதுக்காகச் சொன்னார் அத்திம்பேர். மறுநாள் நடந்ததுதானே நிஜக் கல்யாணம்?"

"இல்லேடா" என்றார். "மறுநாள் எல்லாருமா சேர்ந்து அவளைக் கொண்டுவந்து என் பக்கத்துல உட்கார்த்தினா. முதல் நாள்தான் அவளா வந்தா."