முழு மார்க் வாங்கின ரோட்டு

போன சனிக்கிழமை எனக்கு ஒரு சின்ன வேலை. எங்கட தமிழ்ப் பள்ளிப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் இருக்கிற கோலியர்ஸ் வுட்டில ஒரு சுத்து நடக்கோணும். அவ்வளவுதான்.

இந்த இடம் பிள்ளையளுக்கு ஏற்றதோ எண்டு பிள்ளையளிட்டயே கேட்டு அறியக் கவுன்சில், அதுதான் இங்கத்தை நகரசபை, ஒரு ஏற்பாடு செய்திருந்தது. நல்ல இடமெண்டால் பிள்ளை பச்சை அட்டையைத் தூக்கும். கூடாத இடமெண்டால் சிவப்பு. சிவப்பு அதிகம் விழுந்த இடத்தை முதலில திருத்துவினம்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு இடத்தில சிவப்பு. பள்ளிக்கு முன்னால ரோட்டைக் கடக்கிற இடம். அதில ஒரு வெள்ளைக் கோடும் இல்லை. வான் வண்டிக்காரர் பறப்பினம். மகள் ஆரணியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கடக்கேக்க ஒவ்வொரு சனியும் எனக்கு ஈரக்குலை நடுங்கும்.

பிழை விட்டது நான்தான். பெற்றோர் வட்ஸ்அப் குரூப்பில எழுதினன்: "சனிக்கிழமை கவுன்சில் அசெஸ்மென்ட். பிள்ளையளை நேரத்துக்கு அனுப்பவும்."

அசெஸ்மென்ட்! யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு முன்னால சொல்லுற சொல்லோ அது?

"தங்கச்சி, சிலபஸ் என்ன?"

"அக்கா, போன வருசத்துக் கேள்வித்தாள் இருக்கோ?"

"ஐயோ, சோதினை பிள்ளையளுக்கு இல்லை, ரோட்டுக்கு! மனதில பட்டதைச் சொன்னால் போதும்" எண்டு எழுதினன். ஒருத்தரும் நம்பேல்லை. என்ர பிள்ளைக்கு மட்டும் ஒளிச்சுச் சொல்லிக் குடுக்கிறனாம்!

கணக்கு ரியூசன் குடுக்கிற ரவி அண்ணை உடனை ஒரு விசேட வகுப்பு வைச்சிட்டார்.

தேவையில்லாத வேலை எண்டு எனக்குத் தெரியும். ஆனால் மற்றப் பிள்ளையள் எல்லாம் போகுதுகள். என்ர பிள்ளை மட்டும் பின்னுக்கு நிக்கிறதோ? நானும் அனுப்பினன். என்ன படிப்பிக்கிறார் எண்டு கேக்கவும் இல்லை. நான் ஒரு விசரி!

சனிக்கிழமை கவுன்சிலில இருந்து கேற் எண்டு ஒரு இளம் பெண் மஞ்சள் ஜாக்கெட்டோட வந்தா. நடந்தம்.

முதல் நிண்ட இடத்தில, ராவில தெருவில திரியிற நரி குப்பைப் பையைக் கிழிச்சுப்போட்டு, நடைபாதை முழுக்கக் கோழி எலும்பு. எல்லாப் பிள்ளையளும் பச்சை!

"இது ஏன் பிடிச்சிருக்கு?" கேற் கேட்டா.

"நரியைப் பற்றிப் படிக்கலாம், மிஸ்."

பார்க்குக்குப் போனம். ஊஞ்சலில சங்கிலி மட்டும் தொங்குது, இருக்கையைக் காணேல்லை. திரும்பவும் பச்சை!

"இருக்கை இல்லாட்டி ஒருத்தரும் சண்டை பிடிக்க மாட்டினம், மிஸ்."

ஆரணியை இழுத்து வைச்சுக் கேட்டன். "என்னடி இது?"

"சிவப்புத் தூக்கினால் மார்க் குறையும் எண்டு ரவி மாமா சொன்னவர். எல்லாத்துக்கும் பச்சை. காரணமும் சொல்லோணும்."

நான் விளங்கப்படுத்த முன்னம் பள்ளிக்கு முன்னால வந்திட்டம். காலை ரோட்டில வைக்கேக்க ஒரு வெள்ளை வான் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு பாய்ஞ்சுது. எல்லாரும் துள்ளி நடைபாதையில ஏறினம். கேற்றின்ர முகத்தில ரத்தம் இல்லை.

"இந்த இடம் எப்பிடி?" எண்டு நடுங்கி நடுங்கிக் கேட்டா.

பச்சை.

"இது எங்களுக்குப் பொறுமையைப் படிப்பிக்குது, மிஸ்." சொன்னது ஆர்? என்ர மகள்!

கண்ணைக் காட்டினன். தலையை ஆட்டினன். கடைசியில வாய்விட்டே கத்தினன். "சிவப்பைத் தூக்கடி பிள்ளை!"

"மிஸ், அம்மா விடை சொல்லித் தாறா!"

பெரியாக்கள் தலையிடக் கூடாதெண்டு கேற் என்னைத் தள்ளி நிக்கச் சொன்னா. சோதினை மண்டபத்தால வெளியில விட்ட பிள்ளை மாதிரி பஸ் தரிப்பிடத்தில தனிய நிண்டன்.

நேற்று முடிவு வந்திது. பிள்ளையளுக்கு மிகவும் ஏற்ற ரோட்டு எங்கடதாம். திருத்த ஒண்டும் இல்லையாம். வெள்ளைக் கோடு வேற ரோட்டுக்குப் போகுது. அங்கத்தப் பிள்ளையள் உண்மையைச் சொல்லிப்போட்டுதுகள்.

எனக்கு அழுகை வந்திது. குரூப்பில ஒரே வாழ்த்து. ரவி அண்ணை கேக்கிறார், "முழு மார்க்கோ? ரெண்டாவது ஆர்?"

கவுன்சில் சான்றிதழும் அனுப்பியிருக்குது. பள்ளியில மாட்டச் சொல்லி என்ர கையில தந்திருக்கினம்.

பள்ளி இருக்கிறது ரோட்டுக்கு அங்கால. வான் எல்லாம் போய் முடியட்டும் எண்டு நான் இன்னும் இங்கால நிக்கிறன்.