டேமேஜ் அக்கா ரிஜெக்ட் செய்த கதாநாயகன்

உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட முக்கோணக் காதல் கதைகளையும், இனிமேல் எழுதப்படப் போகிற முக்கோணக் காதல் கதைகளையும் சேர்த்து, ஒற்றை ஆளாக நின்று ரிஜெக்ட் செய்த பெருமை எங்கள் டேமேஜ் அக்காவையே சேரும். ஆண்டவனே வந்து ஒருவனுக்கும் ஒருத்திக்கும் நடுவில் இன்னொருத்தியை நிறுத்திக் கதை சொன்னாலும், "சாமி, இதுல டேமேஜ் இருக்குதுங்க" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நானும் ஸ்டெல்லாவும் டெய்லர்கள். நான் ஓவர்லாக் மெஷின், அவள் ஃப்ளாட்லாக் மெஷின். தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரே லைன் வீட்டில், ஒரே ஸ்டவ்வில் பொங்கித் தின்ற தோழிகள். பக்கத்து அறையில் இருந்தவர்தான் டேமேஜ் அக்கா. கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸை உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார். ஒட்டினால் ஒட்டினதுதான். முதலாளியே வந்து கெஞ்சினாலும் அந்த பீஸ் பேக்கிங்குக்குப் போகாது.

தொல்லை என்னவென்றால், அக்காவுக்கு அந்தப் பழக்கம் கம்பெனி வாசலோடு நிற்கவில்லை. முழங்கையில் எப்போதும் நாலைந்து ஸ்டிக்கர்கள் ஒட்டியே இருக்கும். ஓட்டை விழுந்த தோசையில் ஒட்டுவார். கடைக்காரர் கொடுத்த அழுகல் தக்காளியில் ஒட்டி அவரிடமே திருப்பிக் கொடுப்பார். வாரப் பத்திரிகை தொடர்கதையில் இரண்டு பெண்கள் முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் ஒருவன் தலைமுடியைக் கோதிக்கொண்டிருக்கும் படம் வந்தால் போச்சு. அவன் நெற்றியில் அம்புக்குறி விழுந்துவிடும்.

ஒருநாள் வீட்டு ஓனர் வீட்டு டிவியில் சீரியல். இரண்டு கதாநாயகிகள் ஒருத்தனுக்காக மாறி மாறி அறைந்துகொண்டார்கள். அக்கா எழுந்து போய் டிவி கண்ணாடியில் அவன் மூஞ்சி மேலேயே ஒட்டிவிட்டார்.

"ஏனுங்க, டிவி கெட்டுப் போகாதுங்களா?" என்று ஓனர் அம்மா பதறினார்.

"டிவிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. கதைதான் முன்னயே கெட்டுப் போச்சு. ஒருத்தி டாக்டருக்குப் படிச்சவ, ஒருத்தி கம்பெனி நடத்தறவ. ரெண்டு பேத்துக்கும் வேற சோலியே இல்லீங்களா? பால்ல வெசத்தைக் கலக்கற நேரத்துல ஒரு ஆர்டர முடிச்சு அனுப்பியிருக்கலாம். நடுவுல மரமாட்டம் நிக்கறானே, அவன ஒருத்தி கேட்டாளா, நீ என்னடா பண்றேன்னு?"

ஸ்டிக்கர் லேசில் வரவில்லை. அடுத்து வந்த செய்தி வாசிப்பவர் மூக்கில் அம்புக்குறியோடுதான் வானிலை சொன்னார்.

ஓவர்டைம் பார்த்து சீரியலைத் தவறவிட்டவர்களுக்கு மறுநாள் டீ நேரத்தில் கதை சொல்வதும் அக்காதான். அவர் வாயில் எந்தக் கதாநாயகியும் சண்டை போட மாட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து ஊட்டிக்குப் போவார்கள், பேக்கரி வைப்பார்கள், கடனை அடைப்பார்கள். அவன் எங்கே என்று கேட்டால், "அவன் எங்கியோ போறான், உடு" என்பார். ஞாயிற்றுக்கிழமை நிஜ சீரியலைப் பார்த்துவிட்டு நாங்கள் திருதிருவென்று விழிப்போம். யாராவது புதுக்கதை ஒன்றைப் புகழ்ந்தால், அக்கா கேட்பது ஒரே கேள்விதான். "அதெல்லாம் இருக்கட்டும். கடைசில அந்த ரெண்டு புள்ளைகளும் பேசிக்கிறாங்களா?"

நானும் ஸ்டெல்லாவும் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர்கள்தான். அப்புறம் எங்கள் கம்பெனிக்கு ஒரு லைன் சூப்பர்வைசர் வந்தான். அவன் வருவதற்கு முன்னால் அவன் சென்ட் வரும் என்பதால் பெயரே சென்ட் ஆகிவிட்டது. என் மெஷின் பக்கம் வந்து நூல் மாட்டித் தருவான். ஸ்டெல்லா மெஷின் பக்கம் போய் எண்ணெய் விட்டுத் தருவான். என்னிடம், "உங்க சிரிப்பு யாருக்கும் வராதுங்க" என்றான். அவளிடம் என்ன சொன்னானோ, அவள் வீட்டில் கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடிவிட்டது.

சும்மா இருந்தது நாங்கள்தான், கம்பெனி சும்மா இருக்கவில்லை. ஓவர்லாக்காரர்கள் அத்தனை பேரும் என் கட்சி, ஃப்ளாட்லாக்காரர்கள் அவள் கட்சி. "அவ கண்ணுக்கு மை போட்டுட்டு வந்திருக்கா, பாத்துக்கோ" என்று என்னிடம் வந்து சொல்வார்கள். அங்கே போய் என்னைப் பற்றி என்ன சொன்னார்களோ, அவர்களுக்குத்தான் வெளிச்சம். கடைசியில் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டோம். சோறு வடிப்பது அவள் முறை, குழம்பு வைப்பது என் முறை. கேட்க இருவருக்கும் ரோஷம் விடவில்லை. அவள் வெறும் சோற்றில் தண்ணீரை ஊற்றித் தின்றாள். நான் புளிக்குழம்பைத் தட்டில் ஊற்றிக் குடித்தேன். வயிறு எரிந்ததற்குக் காதல்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்ட் எனக்கு ஒரு மாம்பழக் கலர் டீ-ஷர்ட் கொடுத்தான். "வெளிநாட்டுப் பையருக்குக் காட்டற சாம்பிளுங்க. உலகத்துலயே ஒரே ஒரு பீஸ்தான். உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்." அதைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால், அறையில் ஸ்டெல்லா அதை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏட்டி, எந்துணிய எதுக்கு எடுத்த?"

"உந்துணியா? இது எனக்குக் குடுத்ததுட்டி."

ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தவள், அழுதபடி பையை எடுத்துத் துணிகளைத் திணித்தாள். "நான் ஊருக்குப் போறேன். நீயே அவனக் கட்டிக்கிட்டு வாழு" என்றாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போது வாசலில் டேமேஜ் அக்கா வந்து நின்றார். கையில் இன்னொரு மாம்பழக் கலர் டீ-ஷர்ட்.

"மழை தூறுச்சுன்னு கொடியில இருந்ததை எடுத்து வெச்சேன். இது யாருதுங் கண்ணு?"

அக்கா எங்கள் கையிலிருந்ததையும் பிடுங்கினார். சண்டை எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. பழக்க தோஷம், இரண்டையும் உள்பக்கம் திருப்பி பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டிலும் இடது தோள் பக்கம் ஒரே இடத்தில், பொடிப் பொடியாக ஓட்டை.

"இது நான் ரிஜெக்ட் போட்ட லாட்டாச்சே. பாரு, என்ற ஸ்டிக்கரு ஒட்டின பசை இன்னும் போகல."

"சாம்பிள் பீஸுன்னாம்ட்டி" என்றாள் ஸ்டெல்லா. பல நாள் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

"எங்கிட்டயும் அதத்தான் சொன்னான்."

"உலகத்துலயே ஒண்ணுதான்னு?"

"ஆமாட்டி."

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "ரெண்டு பீஸ்லயும் ஒரே எடத்துல ஓட்டை இருந்தா பீஸ் மேல குத்தமில்ல அம்மிணி. ஊசி மொனை போயிருச்சுன்னு அர்த்தம். ஊசியைக் கழட்டி வீசோணும். அத உட்டுப்போட்டு, பீஸும் பீஸும் அடிச்சுக்குமா?"

அவன் இரண்டு பேரை ஏமாற்றியதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ரிஜெக்ட் பீஸைக் கொடுத்து ஏமாற்றினான் பாருங்கள், அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டெல்லாவுக்கும் அப்படித்தான். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம், அழுதுகொண்டேதான்.

"சோறு இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. கொழம்பு இருக்கா?" என்றாள்.

பையிலிருந்த துணிகளெல்லாம் மறுபடி கொடிக்கு வந்தன.

மறுநாள் காலையில் அக்கா சென்ட்டின் முதுகைத் தட்டி, "ஏனுங்க தம்பி, சௌக்கியமா இருக்கறீங்களா?" என்று விசாரித்தார். இத்தனை பாசமாக அவர் யாரையும் விசாரித்ததில்லை. அவனும் புன்னகையோடு லைன் லைனாக நடந்தான், முதுகில் சிவப்பு அம்புக்குறியோடு. ஓவர்லாக் சிரித்தது, ஃப்ளாட்லாக் சிரித்தது, அன்றுதான் இரண்டு கட்சியும் ஒன்றானது. பேக்கிங் வாசலில் அங்கிருந்த அண்ணன் கையை நீட்டி மறித்தார். "உள்ள வராதீங்க. உங்க மேல டேமேஜ் போட்டிருக்குது. அக்கா போட்டா நாங்க எடுக்க முடியாதுங்க." அந்த மாதமே அவன் அருள்புரம் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். சென்ட் வாசனை போகத்தான் இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

இப்போது நான் கதை எழுதிப் பிழைக்கிறேன். தொடர்கதை கேட்கும் பத்திரிகைக்காரர்கள், "ரெண்டு நாயகிகளையும் நல்லா மோத விடுங்க மேடம், அப்பத்தான் சூடு பிடிக்கும்" என்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் முழங்கை அரிக்கிறது. அவர்கள் கேட்கிற மாதிரி எனக்கு வராது, வராமலே போகட்டும்.

போன மாதம் ஸ்டெல்லா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட உட்காரும்போது டேமேஜ் அக்காவிடமிருந்து போன். நான் எழுதுகிற கதையைப் பற்றி யாரோ சொன்னார்களாம்.

"நான் இன்னும் படிக்கலைங் கண்ணு. மொதல்ல இத மட்டும் சொல்லு. கடைசில அந்த ரெண்டு புள்ளைகளும் பேசிக்கிறாங்களா?"

எதிரே ஸ்டெல்லா என் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நான் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி சொன்னேன்.

"பேசிக்கிறோம்க்கா."