ஆளைக் காட்டிய விரல்

உலகத்தில் மன்னிப்புக் கேட்பவர்கள் இரண்டு வகை. செய்த தப்புக்காகக் கேட்பவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நல்லவர்கள், எண்ணிக்கையிலும் குறைவு. கையில் கிடைத்த லாபத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டே கேட்பவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்கு விரல்தூக்கிகள் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பேருந்தில் பார்த்திருப்பீர்கள். "ஸாரி, கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே உங்கள் காலை மிதித்து, உங்களுக்கு முன்னால் ஏறி, நீங்கள் கண் வைத்திருந்த ஜன்னலோர இருக்கையில் போய் உட்கார்ந்து, காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, அதன் பிறகு திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று புன்னகைப்பார். எழுந்திருப்பாரா? எதற்கு எழுந்திருக்க வேண்டும்? அவர்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டாரே.

இந்த இனம் எல்லா இடத்திலும் இருந்தாலும், செழித்து வளர்வது டேபிள் டென்னிஸ் மேசையருகில்தான். அதற்குக் காரணம் அந்த ஆட்டத்தில் உள்ள ஒரு வழக்கம். நீங்கள் அடித்த பந்து வலையின் மேல்நுனியில் தட்டித் தடுமாறி அந்தப் பக்கம் செத்து விழுந்தாலோ, மேசை விளிம்பில் உரசி யாராலும் எடுக்க முடியாதபடி திசை மாறிப் போனாலோ, பாயிண்ட் உங்களுக்கு. ஆனால் அது திறமையால் வந்ததல்ல, அதிர்ஷ்டத்தால் வந்தது. அதனால் ஒரு விரலைத் தூக்கி எதிராளியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். விதிப்புத்தகம் இதைக் கேட்பதில்லை, மரியாதை கேட்கிறது. மன்னிப்புக் கேட்டால் போதும், பாயிண்டைத் திருப்பித் தர வேண்டியதில்லை. இவ்வளவு வசதியான ஏற்பாடு வேறு எங்கே உண்டு?

மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தயாரிக்கும் ஒரு கம்பெனியில், விற்பனைப் பிரிவில் இருக்கிறார் நம்முடைய ஆள். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவர் ஸாரி சார்.

அந்தக் கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால், காலி அட்டைப்பெட்டிகள் ஒரு பக்கச் சுவரை மறைத்துக்கொண்டிருக்கும் அறையில், ஒரு டேபிள் டென்னிஸ் மேசை இருக்கிறது. மதிய இடைவேளையில் அங்கே போய் நின்றால் மனிதர்களைப் படிக்கலாம். கணக்குப் பிரிவுத் தலைவருக்கு சர்வீஸ்தான் ஆட்டம். பந்தை உள்ளங்கையில் வைத்து, அதை உற்றுப் பார்த்து, மூச்சை இழுத்து, கூரை வரைக்கும் தூக்கிப் போட்டு, கீழே வருவதற்குள் உடம்பை மூன்று கோணத்தில் வளைத்து அடிப்பார். பந்து வலையில் விழும். இயந்திரப் பிரிவு இளைஞர் ஒவ்வொரு பந்தையும், அது தன் குடும்பத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டது போல அடிப்பார். ஸாரி சாரும் அடிக்கிற கட்சிதான். மேசையை ஒட்டி நின்று, வருவதையெல்லாம் விளாசுவார். பாதி வெளியே போகும். கால்வாசி உள்ளே விழும். மிச்சம் வலையையும் விளிம்பையும் தேடிப் போய்த் தொடும். விளிம்புக்கும் அவருக்கும் ஏதோ சொந்தம் என்று பேச்சு.

ஆனால் அவருடைய உண்மையான திறமை விரலில் இருந்தது. பந்து வலையில் தட்டி விழுந்தால் ஆள்காட்டி விரல் பாதி உயரும். விளிம்பில் பட்டால் முழுதாக உயரும், கூடவே தலை குனியும். ஆட்டத்தின் முக்கியமான கட்டத்தில் விளிம்பில் பட்டால் விரல் உயர்ந்து, தலை குனிந்து, கண் மூடி, மற்றொரு கை நெஞ்சுக்குப் போய், "அய்யோ, ஸாரி ஸாரி ஸாரி" என்று ஒரு துக்க வீட்டுக் குரல் வரும். தோற்றவரே இரக்கப்பட்டு, "பரவாயில்ல சார், விடுங்க" என்று ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். உள்ளுக்குள் ஸாரி சாருக்கு எப்படி இருக்கும் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்குத் திடீர் விடுமுறை விட்டதுபோல இருக்கும். சும்மா கிடைத்த பாயிண்டின் ருசி உழைத்து வாங்கியதில் ஏது?

பழக்கம் ஆட்டத்தோடு நிற்குமா? வீட்டில் தட்டில் இருக்கும் கடைசி பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு மனைவியைப் பார்த்து விரலைத் தூக்குவார். காலையில் வெந்நீரையெல்லாம் தானே குளித்துத் தீர்த்துவிட்டு, ஈரத் தலையோடு கதவைத் திறந்து விரலைத் தூக்குவார். கல்யாணமான புதிதில் அவர் மனைவி அதைப் பணிவு என்று நினைத்திருந்தார். பிறகு புரிந்துகொண்டார். இப்போதெல்லாம் விரலைப் பார்த்ததும், "என்ன போச்சு?" என்று மட்டும் கேட்பார்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு ஏக்கம் இருந்தது. கம்பெனிகளுக்கு இடையிலான போட்டிக்கு ஆண்டுதோறும் நான்கு பேர் கொண்ட அணி போகும். ஸாரி சாரும் போவார், ஐந்தாவது ஆளாக. யாருக்காவது கால் சுளுக்கினால் ஆடலாம். யாருக்கும் சுளுக்கியதில்லை. அதனால் அவர் மற்றவர்களுடைய பைகளையும் துண்டுகளையும் காவல் காத்துக்கொண்டு, கைதட்ட வேண்டிய இடத்தில் கைதட்டிவிட்டுத் திரும்பி வருவார். இந்த வருடம் நான்காவது இடம் காலியானது. அதற்கான தகுதிச் சுற்றில் எல்லாரையும் தாண்டிக் கடைசி ஆட்டத்துக்கும் வந்துவிட்டார். அதில் ஜெயித்தால் அணியில் இடம். வீட்டில் சொன்னார், மாமனாருக்கு போன் போட்டுச் சொன்னார், புது ஷூவும் வாங்கினார். "இந்த வருஷம் நான் பை காக்கப் போறதில்ல. நீயே வந்து பாரு" என்று மனைவியையும் அழைத்து வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்.

எதிரே நின்றவர் புகார்ப் பிரிவிலிருந்து வந்த பெண். புதிதாகச் சேர்ந்தவர். 'சுவர்' என்று பட்டப்பெயர். அவர் அடிக்கவே மாட்டார். வருவதை மெதுவாக, கீழே ஒரு வெட்டு வெட்டித் திருப்பி அனுப்புவார், அவ்வளவுதான். வில்லையில் கீறல், அளவு தப்பு, போட்டால் தலை சுற்றுகிறது என்று நாள் முழுக்கக் கத்துகிறவர்களுக்குக் குரலை உயர்த்தாமல் பதில் சொல்லிப் பழகியவர். எவ்வளவு வேகமாக வந்தாலும் அவரிடம் போய்விட்டு வரும்போது அது சாந்தமாகிவிடும், பந்தானாலும் சரி, ஆளானாலும் சரி.

நடுவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வில்லைகளில் இருக்கும் தூசு அளவுக் குறையைக்கூடக் கண்டுபிடிக்கும் பரிசோதகர். நல்ல தேர்வு என்று எல்லாரும் சொன்னார்கள்.

கடைசி செட். ஸாரி சார் பத்து, சுவர் ஒன்பது. அந்தப் பத்தில் எத்தனை வலையில் தட்டியவை, எத்தனை விளிம்பில் உரசியவை என்று கேட்காதீர்கள். அன்றைக்கு விரலுக்கு ஓய்வே இல்லை. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட்.

ஸாரி சார் அடித்தார். சுவர் திருப்பினார். இன்னும் ஓங்கி அடித்தார். இன்னும் மெதுவாகத் திரும்பி வந்தது. இடது மூலை, வலது மூலை, நேராக வயிற்றுக்கு என்று தன்னிடம் இருந்த எல்லா அடியையும் அடித்துத் தீர்த்தார். கடைசியாகச் சுவர் வெட்டி அனுப்பிய பந்து மேசையைத் தாண்டிப் போகிற மாதிரி மிதந்து வந்து, ஸாரி சாரின் இடுப்புப் பக்கமாகத் தரையில் விழுந்தது.

"வெளியே" என்றார் நடுவர். "பாயிண்ட் ஸாரி சாருக்கு. ஆட்டமும் அவருக்கு."

பந்து வெளியே போகவில்லை. போகிற போக்கில் ஸாரி சார் பக்கத்து விளிம்பை ஒரு நூல் அளவுக்குத் தொட்டுவிட்டுப் போனது. தொட்டால் அது சுவரின் பாயிண்ட். மின்விசிறிச் சத்தத்திலும் கூட்டத்தின் சத்தத்திலும் அந்த 'டிக்' யாருக்கும் கேட்கவில்லை. அதற்கு மிக அருகில் இருந்த இரண்டு காதுகளுக்கு மட்டும் கேட்டது.

அந்தக் காதுகளின் சொந்தக்காரர் என்ன செய்திருக்க வேண்டும்? கையைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அணியில் இடம் வந்தாயிற்று, மாமனாருக்கு போன் போடுவதுதான் பாக்கி. ஆனால் சும்மா கிடைத்த பாயிண்டின் சந்தோஷம் அவர் வயிற்றில் கிளம்பி, நெஞ்சுக்கு ஏறி, தோளுக்கு வந்து, இத்தனை வருடமாக எந்த வழியில் போகுமோ அந்த வழியிலேயே போயிற்று. விரல் உயர்ந்தது. முழுதாக. தலையும் குனிந்தது.

கைதட்டத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

"எதுக்கு சார் ஸாரி?" என்று கேட்டார் சுவர். குரலில் கோபம் இல்லை. புகார் எண் கேட்கிற குரல்.

"இது... சும்மா. பொதுவா."

"பொதுவான்னா?" நடுவர் நாற்காலியிலிருந்து குனிந்தார். "அவங்க பந்து வெளியே போச்சு. நீங்க ஏன் விரலைத் தூக்குறீங்க?"

"ஆட்டம் முடிஞ்சிடுச்சு இல்ல சார், ஒரு மரியாதைக்கு. கை வேற வலிச்சுது, அதான் கொஞ்சம் நீட்டி..."

"ஒரு விரலை மட்டுமா?"

முன்வரிசையில் இருந்த மனைவி, யாரையும் காட்டிக்கொடுக்கும் எண்ணமே இல்லாமல், பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார்: "பொதுவா எல்லாம் தூக்க மாட்டாரு. எதாவது சும்மா கிடைச்சாத்தான் தூக்குவாரு."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். அறைதான் அந்த நேரம் பார்த்து அமைதியாக இருந்தது. ஆள்காட்டி விரல் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

"சார்," என்றார் நடுவர், "பந்து பட்டுச்சா?"

ஸாரி சார் புது ஷூவைப் பார்த்தார். அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். அணியினர் தங்கள் பைகளைத் தோளிலிருந்து இறக்கித் தன் காலடியில் வைக்கும் காட்சி மனதில் ஒருமுறை ஓடியது. இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். ஆனால் கை இன்னும் கீழே இறங்கவில்லை. விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல யாரால் முடியும்?

"லேசா" என்றார்.

"லேசா பட்டாலும் பட்டதுதான். பத்துக்குப் பத்து."

அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. "இந்தக் காலத்துல இவ்வளவு நேர்மையா?" என்று யாரோ சொல்ல, அறை முழுக்க எழுந்து கைதட்டியது. இயந்திரப் பிரிவு இளைஞர் விசிலடித்தார். ஸாரி சார் உழைக்காமல் வந்த பாராட்டு அது. அவருக்கே அது தெரியும். அதனால் என்ன செய்தார்? கூட்டத்தைப் பார்த்து அடக்கமாக விரலைத் தூக்கினார்.

பத்துக்குப் பத்து என்றால் அடுத்து இரண்டு பாயிண்ட் முன்னால் போகிறவருக்கு வெற்றி. முதல் பந்தை ஸாரி சார் அட்டைப்பெட்டிகளுக்கு அடித்தார். இரண்டாவதைச் சுவர் வழக்கம்போல் மெதுவாக வெட்டித் திருப்பி அனுப்பினார். அது வலையின் மேல்நுனியில் உட்கார்ந்து, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசித்து, ஸாரி சார் பக்கம் விழுந்து உருண்டது.

ஆட்டம் முடிந்தது. அணியில் இடம் சுவருக்கு.

ஸாரி சார் நின்ற இடத்திலேயே காத்திருந்தார். சுவர் வந்து கை குலுக்கினார், பேட்டை உறையில் போட்டார், தண்ணீர் குடித்தார், புறப்படத் தயாரானார்.

"மேடம்," என்றார் ஸாரி சார், பொறுக்க முடியாமல். "கடைசிப் பந்து நெட்ல பட்டுச்சு."

"ஆமா சார்."

"இல்ல... அதுக்கு ஒரு ஸாரி சொல்லுவாங்க. வழக்கம்."

சுவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க பிரிவுல ஸாரின்னு சொல்லிட்டா வேற கண்ணாடி கொடுத்தாகணும் சார். கொடுக்கப் போறதில்லன்னா சொல்லவே மாட்டோம். எனக்கு இந்த பாயிண்ட் வேணும்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஸாரி சார் புலம்பிக்கொண்டே போனார். தோற்றதுகூடப் பரவாயில்லையாம், உலகத்தில் மரியாதை குறைந்துவிட்டதாம். மனைவி பேருந்தில் இருந்த ஒரே காலி இருக்கையில் அவரை முந்திக்கொண்டு உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், நீங்கள் அந்த இனம் இல்லை. டேபிள் டென்னிஸ் பேட்டைத் தொட்டதுகூட இல்லை. ஒரே ஒரு சின்னக் கேள்வி மட்டும். இப்போது உங்கள் கையில் இருக்கும் இந்தப் புத்தகம் யாருடையது? படித்துவிட்டுத் தருகிறேன் என்று போன வருடம் நண்பரிடம் வாங்கியதுதானே? வழியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "ஸாரிப்பா, மறந்தே போச்சு" என்று சொல்லிவிட்டு மனம் லேசாகி வீட்டுக்கு வருகிறீர்கள் அல்லவா?

அவரும் அதே இனமாக இருந்தால் கவலை வேண்டாம். முதல் பக்கத்தைத் திருப்பி, அதில் அவர் பெயருக்குப் பதில் வேறு யாருடைய பெயராவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.