ஒரு கோடி மடங்கு அழுத்தமும் உன் கணவனும்

பேரன்பும் அதைவிடப் பெரிய கோபமும் உடைய என் இல்லத்தரசிக்கு,

நானும் மகளும் இங்கே சுகம். அங்கே நீயும் உன் முழங்கால்களும் சுகம்தானே? போனில் சொன்னால் நடுவில் நீ பேசிவிடுவாய், அதனால் கடிதம். உன் உத்தரவு நிறைவேறியது. ஆராய்ச்சியை விட்டுவிட்டு அடுத்த மாதம் என்னோடு ரயிலேறுகிறேன் என்று மகள் சொல்லிவிட்டாள். ஸ்டேஷனுக்கு உன் தம்பியை அனுப்பு.

என் சாமர்த்தியம் என்று பூரித்துவிடாதே. அவள் வேலை என்ன தெரியுமா? கம்ப்யூட்டருக்குள் கரி அணுக்களைப் போட்டு நசுக்கிச் சூடேற்றுவது. வைரத்தையே மேலும் மேலும் அமுக்கினால் வேறு என்னவாக மாறும் என்று பார்க்கிறாளாம். நிஜத்தில் ஒரு பொட்டுக் கரி கிடையாது, எல்லாம் கணக்கு. வாரக்கணக்காக ஓடுகிறது, மாதக் கடைசியில் பேராசிரியரிடம் முடிவைக் காட்டாவிட்டால் இவளுடைய இடம் போய்விடும். "காபி போட்டுட்டு வரேன், பாத்துக்கோங்கப்பா" என்று எழுந்து போனாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திரையில் அழுத்தம் ஏறுகிறது, ஏறுகிறது, காற்றழுத்தத்தைப்போல ஒரு கோடி மடங்கு, வெப்பம் ஐயாயிரம் டிகிரி! காலமெல்லாம் பாய்லர் ஓட்டியவன் கை சும்மா இருக்குமா? "ஐயோ, வெளியே ஓடும்மா!" என்று கத்திக்கொண்டே சிவப்பாகத் தெரிந்த பொத்தானை அமுக்கிவிட்டேன். எல்லாம் நின்றது. அப்பாடா என்று திரும்பினால், வாசலில் நிற்கிறவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அதுக்குள்ள வெடிக்க என்னப்பா இருக்கு? வெறும் நம்பர்!"

"நம்பரோ கிம்பரோ, பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது நீதானேம்மா!"

சிரித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "இத்தனை வாரம் ஓடினதெல்லாம் போச்சு. போதும்பா, முடியல. வீட்டுக்கே வந்துடறேன்" என்றாள். நீ இத்தனை நாளாக ஏங்கிய வார்த்தை. எனக்கோ கேட்கச் சகிக்கவில்லை.

மருந்தை மறக்காதே. உன் தம்பிக்கு, அவன் கேட்காவிட்டாலும், என் ஆசிகள்.

இப்படிக்கு,
பொத்தானை அமுக்கிய பாவி

பி.கு.: தம்பியை அனுப்பாதே. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அழுது ஓய்ந்தபின் பார்த்தால், ஓடிய கணக்கை மெஷின் அவ்வப்போது சேமித்து வைத்திருக்கிறது. போனது இரண்டு நாள் வேலைதான். "வேண்டாம்பா" என்றவளைக் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தது நான்தான். திட்டுவதானால் என்னைத் திட்டு. அவளோடு பேசும்போது "எப்பம்மா வர?" என்று மட்டும் கேட்காதே. "எவ்வளவு டிகிரி ஏறியிருக்கு?" என்று ஒரே ஒரு தடவை கேளேன்.